லெமெத்ர் ஃபாதர் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டார்?

லூவன்வாசி

பெல்ஜியத்தில், லூவன் நகரத்தில், நாம்சே தெரு என்று ஒன்று உண்டு. நகரமன்றப் பக்கம் தொடங்கித் தெற்கே மேடேறிப் போகும். வேலைக்கு வந்த புதிதில் தினமும் அந்த வழியாகத்தான் மூச்சு வாங்கச் சைக்கிள் மிதிப்பேன். இரு பக்கமும் பழைய கல்லூரிக் கட்டடங்கள், ஓரிடத்தில் புனித மிக்கேல் ஆலயம், மற்றபடி எங்கு பார்த்தாலும் மாணவர் கூட்டம். ஜார்ஜ் லெமெத்ர் குடியிருந்த பரிசுத்த ஆவிக் கல்லூரியும், அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிரெமோந்த்ரே கல்லூரியும் இதே தெருதான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

யார் என்று கேட்பவர்களுக்கு: அண்டம் விரிகிறது, அதைப் பின்னோக்கி ஓட்டினால் ஒரு தொடக்கம் (இன்று பெருவெடிப்பு என்கிறார்களே, அது) வரும் என்று எழுதியவர். கத்தோலிக்கக் குரு. 1894ல் ஷார்லெருவாவில் பிறந்தார். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருக்கும்போது முதல் உலகப் போர் வந்தது. தானே போய்ப் படையில் சேர்ந்தார், பிறகு பீரங்கிப் பிரிவில் இருந்து பதக்கமும் வாங்கினார். போர் முடிந்ததும் இன்ஜினீயரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணிதம், அப்புறம் மெக்கலன் நகரத்தில் குருமடம். ஐன்ஸ்டைனை ஊன்றிப் படித்தது குருமடத்தில் இருந்தபோதுதான். 1923 செப்டம்பரில் கர்தினால் மெர்சியே கையால் குருப்பட்டம். கையில் பூசிய தைலம் காயுமுன் கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் மாணவர். அடுத்த வருடம் ஹார்வர்டில் இன்னொரு வானியலாளர் ஷாப்லியிடம்.

என் வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டிய, டச்சு பேசும் ஃபிளெமிஷ் பெரியவர். ஒருநாள் அவரிடம் லெமெத்ர் பேச்சை எடுத்தேன். வானத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தால் மொழிச் சண்டையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். லூவன் டச்சு பேசும் ஊர், பல்கலைக்கழகத்தில் பாதி பிரெஞ்சு. பிரெஞ்சு பேசுகிறவர்கள் மூட்டை கட்டட்டும் என்று அறுபதுகளில் பெரிய போராட்டம். பல்கலைக்கழகத்தைப் பிரிக்கக் கூடாது என்று 1962ல் பிரெஞ்சு பேசும் பேராசிரியர்கள் தொடங்கிய சங்கத்துக்குத் தலைவர் நம் லெமெத்ர். 1968ல் பிரித்தே விட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் காலமாகிவிட்டார், நல்லவேளை. நூலகத்தை எப்படிப் பங்கு போட்டார்கள் தெரியுமா? அலமாரி எண் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். இந்தி எதிர்ப்பைப் பார்த்த ஊரிலிருந்து வந்த எனக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவருடைய தாள்களெல்லாம் இப்போது, பிரெஞ்சுப் பாதிக்கென்று அன்று புதிதாகக் கட்டிய லூவன்-லா-நுவ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் வாழ்ந்த தெரு இங்கே, அவர் எழுத்து அங்கே. அந்தக் கிழவருக்கு அவர் இன்னும் எதிர்க்கட்சிதான். ஆனால் 2021 குளிர்காலத்தில் இதே நகரம் பெருவெடிப்புக்கென்றே மாதக்கணக்கில் விழா எடுத்தது. நகரங்களும் மனிதர்கள் மாதிரிதான், வேண்டும்போது மறக்கத் தெரியும்.

உங்களில் யாருக்காவது இவரோடு ஏதாவது உரசல் உண்டா? பாடப்புத்தகம், வேலை, கோயில், எந்த வழியாக இருந்தாலும் எழுதுங்கள். வானியல் பார்த்த வேறு சாமிமார் கதையும் வரலாம்.

—

சாக்பீஸ்

நான் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறவன். எனக்கு அவர் வருவது வருடா வருடம் முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில்.

அமெரிக்க வானியலாளர் ஹப்பிள் 1929ல் வெளியிட்ட பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். மொத்தம் 24 கேலக்சிகள். ஒவ்வொன்றுக்கும் தூரம், ஓடும் வேகம். வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொல்வேன். புள்ளிகள் தாறுமாறாகச் சிதறும், ஒரு பையன் கோட்டை இப்படி இழுப்பான், பக்கத்துப் பெண் அப்படி இழுப்பாள், சண்டை வரும். அந்தச் சண்டை வரத்தான் அந்தப் பாடமே. சண்டை உச்சத்தில் இருக்கும்போது சொல்வேன்: இதற்கு இரண்டு வருடம் முன்பே, 1927ல், புள்ளியே வைக்காமல் ஒருவர் இந்த எண்ணை எடுத்துவிட்டார்.

லெமெத்ர் செய்தது இதுதான். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளைத் தீர்த்தால் வெளியே விரிய வேண்டும் என்று வருகிறது. அப்படி விரிந்தால் தூரத்துக்கு நேர்விகிதத்தில் வேகம் இருக்கும். கோடு நேர்கோடுதான் என்பதைச் சமன்பாடே சொல்லிவிட்டது, இனித் தேவை அதன் சாய்வு மட்டும். தூர அளவுகளில் அன்றைக்கு அவ்வளவு பிழை. தனித்தனிப் புள்ளியை நம்புவதில் பிரயோஜனம் இல்லை. ஆகவே 42 கேலக்சிகளை எடுத்துச் சராசரி போட்டார். 10 லட்சம் பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) தூரத்துக்கு நொடிக்கு 625 கிலோமீட்டர் என்று வந்தது. இன்றைய மதிப்பு 70 பக்கம். ஹப்பிளுக்கும் 500 பக்கம்தான் வந்தது. தூர அளவுகோலே அன்று கோணலாக இருந்தது, இருவரையும் குறை சொல்ல முடியாது.

அந்த 625 ஒரு வம்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. சாய்வைத் தலைகீழாக்கினால் அண்டத்தின் வயது வரும். 156 கோடி வருடம். பாறைகளின் கதிரியக்கக் கணக்கோ பூமியின் வயதே அதைவிட அதிகம் என்றது. பிள்ளை தாயைவிட மூத்தது! இதைச் சமாளிக்க லெமெத்ர், ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் வெளியைத் தள்ளி விரிக்கிற எண்ணான அண்டவியல் மாறிலியைக் கையில் வைத்துக்கொண்டார்: அண்டம் முதலில் விரிந்து, நடுவில் தயங்கி நின்று, பிறகு மறுபடி வேகமெடுத்தது என்றார். ஐன்ஸ்டைன் அந்த மாறிலியே வேண்டாம் என்று தூக்கியெறிந்த சமயம் அது. 1998ல் விரிவு வேகமெடுப்பது கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த மாறிலி வாசல் வழியாகவே திரும்பி வந்தது. தயக்கக் கதை நிலைக்கவில்லை, மாறிலி நிலைத்தது.

"அப்போ ஏன் சார் ஹப்பிள் விதின்னு பேரு?" என்று எந்த வருடமும் ஒருத்தராவது கேட்பார்கள். 1927 கட்டுரை வந்தது பிரெஞ்சில், பிரஸ்ஸல்ஸ் அறிவியல் சங்கத்து ஏட்டில். யார் படித்தார்கள்? எடிங்டன் முயற்சியால் 1931ல் லண்டன் வானியல் கழகத்து ஏட்டில் ஆங்கிலத்தில் வந்தது. வந்ததில் அந்த 625 இருந்த பகுதி காணோம். யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று வெகுகாலம் புகை. 2011ல் வானியலாளர் மாரியோ லிவியோ பழைய கடிதத்தைத் தேடி எடுத்தார். மொழிபெயர்த்ததும் லெமெத்ர்தான், அந்தப் பத்தியை விட்டதும் அவரேதான். இனி அதற்கு மதிப்பில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இதைப் பெருந்தன்மை, துறவு என்று பாராட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதைவிட நல்ல அளவுகள் ஹப்பிள் கையில் வந்துவிட்டன, பழைய தற்காலிக எண்ணை மறுபடி அச்சடிப்பானேன் என்ற தொழில்காரர் கணக்கு அது. 2018 அக்டோபரில் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, 78 சதவீத ஆதரவோடு, ஹப்பிள்–லெமெத்ர் விதி என்று சொல்லப் பரிந்துரைத்தது. எங்கள் பாடத்திட்டத்தில் இன்னும் மாறவில்லை. நான் பலகையில் எழுதுகிறேன், தேர்வுத்தாளில் பழைய பெயர்தான் வருகிறது.

—

ஊட்டிக்குளிர்

தம்பி கேட்ட "உரசல்" எனக்கு உண்டு, அதுவும் வேலை செய்த இடத்திலேயே.

விண்வெளியிலிருந்து வந்து விழுகிற காஸ்மிக் கதிர்களை ஆராயும் ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் மின்னணுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மலைமேல் 2,200 மீட்டரில் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி இருக்கிறது. தரையில் பரப்பி வைத்த ஏறத்தாழ 400 ஒளிர்வுக் கருவிகள், பக்கத்தில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி (காஸ்மிக் கதிர் காற்றில் மோதிப் பிறக்கிற துகள்தான் மியூவான்). தொலைநோக்கி என்றதும் குழாயும் கண்ணாடியும் நினைக்காதீர்கள். கான்கிரீட் பாளங்களுக்கு அடியில் சதுர இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 3,700க்கு மேல் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் வாயு. மழைக்காலத்தில் ஈரம் புகுந்து மின்கசிவு வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஒருமுறை டீ நேரத்தில் ஓர் இளம் விஞ்ஞானி பலகையில் பூமியை வரைந்து, சுற்றிலும் காந்தக் கோடு போட்டு, வெளியிலிருந்து வருகிற துகள் எப்படிச் சுருண்டு வளையும் என்று மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெயர் எழுதினார்: லெமெத்ர், வயார்த்தா. "சார், இது பெருவெடிப்பு பாதிரியாரா?" என்றேன். "அவரேதான் அண்ணே. நம்ம ஊட்டிக் கணக்கெல்லாம் அவங்க ரெண்டு பேர் போட்ட அடியிலதான் நிக்குது" என்றார்.

விஷயம் இதுதான். காஸ்மிக் கதிர் வெளிச்சம் மாதிரியா, இல்லை மின்னேற்றம் உள்ள துகளா என்று முப்பதுகளில் பெரிய வாக்குவாதம். வெளிச்சம் மாதிரி என்றால் பூமியின் எந்த மூலையிலும் ஒரே அளவு விழ வேண்டும். துகள் என்றால் காந்தப்புலம் அதை வளைத்துத் தள்ளும். காந்த நடுக்கோட்டுப் பக்கம் குறைவாகவும் துருவப் பக்கம் அதிகமாகவும் விழும். அமெரிக்க இயற்பியலாளர் காம்ப்டன் உலகம் முழுக்க ஆள் அனுப்பி அளந்தார், அப்படித்தான் இருந்தது. அது ஏன் அப்படி, எந்த ஊரில் எந்த ஆற்றலுக்குக் கீழே உள்ள துகள் நுழையவே முடியாது என்பதை 1933ல் லெமெத்ரும் மெக்சிகோக்காரரான மானுவல் வயார்த்தாவும் கணக்கிட்டார்கள். துகளின் பாதை கையால் தீர்கிற சமன்பாடு இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வனிவர் புஷ் செய்திருந்த ராட்சதக் கணக்கு எந்திரத்தில், பல்சக்கரமும் தண்டும் சுழல, பாதை பாதையாகப் போட்டார்கள்.

தென்னிந்தியா காந்த நடுக்கோட்டுக்கு ரொம்பப் பக்கம். அதனால் துகள் தாண்டி வர வேண்டிய அந்த வாசல் எங்களுக்கு மிக உயரம், 17 ஜிகாவோல்ட் சுமார். உலகத்திலேயே உயரமான வாசல்களில் ஒன்று. 2015 ஜூன் 22ல் சூரியனிலிருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தக் கவசத்தை அமுக்கியபோது, இரண்டு மணி நேரம் எங்கள் மியூவான் எண்ணிக்கை எகிறியது. வாசல் கொஞ்சம் தாழ்ந்தது, வழக்கமாக உள்ளே வர முடியாத துகளெல்லாம் வந்துவிட்டது, அவ்வளவுதான். மறுவருடம் அது பெரிய கட்டுரையாக வெளிவந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அண்டம் முழுவதும் தொடக்கத்தில் ஒரே ஆதி அணுவாக இருந்தது என்பது அவர் கொள்கை, காஸ்மிக் கதிர்களே அது வெடித்துச் சிதறியதன் மிச்சம் என்றுதான் ஃபாதர் நம்பினார். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கியதே. அந்த நம்பிக்கை தப்பு. உண்மையான மிச்சம் நுண்ணலையாக வந்தது, 1965ல் அமெரிக்க ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் கண்டதாகச் சொன்னார்கள். நோயில் கிடந்தவருக்கு இறப்பதற்குச் சற்று முன் அவருடைய உதவியாளராக இருந்த கோதார் போய் அந்தச் செய்தியைச் சொன்னார். 1966 ஜூன் 20 மரணம். ஆனால் தப்பான காரணத்துக்காகப் போட்ட சரியான கணக்கு இன்றைக்கும் ஊட்டியில் உழைக்கிறது.

இன்னொன்று. ஆள் எந்திரப் பிரியர். கைப்பிடி சுற்றுகிற கணக்கு மெஷினில் தொடங்கி, 1958ல் பர்ரோஸ் கம்பெனியின் ஈ-101 கணினியை லூவனுக்கு வரவழைத்தார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் மின்னணுக் கணினி. அறுபதைத் தாண்டிய வயதில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். எங்கள் ஆய்வகத்தில் நாற்பது வயதிலேயே "புது சாஃப்ட்வேர் நமக்கு வராதுப்பா" என்றவர்களைப் பார்த்தவன் நான்.

—

சும்மாகேக்கறேன்

எல்லாம் சரி. ஆனால் ஒரு பாதிரியார் வந்து "எல்லாத்துக்கும் ஒரு தொடக்கம் இருந்துச்சு" என்றால் எனக்கு மட்டும்தான் சந்தேகம் வருகிறதா? பைபிள் முதல் பக்கத்தை எடுத்துச் சமன்பாட்டில் ஒளித்து வைத்த மாதிரி இல்லை? அண்டத்துக்குத் தொடக்கமே கிடையாது என்ற வானியலாளர் ஹாய்ல் சும்மாவா கிண்டல் பண்ணினார்.

—

முத்துநகர் மேரி

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் அதே வேலையை எங்கள் பக்கத்து ஆட்கள் செய்யும்போது எனக்கு வருகிற எரிச்சலையும் கேளுங்கள்.

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் பங்கு. பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி) பூசை நீளமானது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெளியே நெருப்பு மந்திரித்து, பாஸ்காத் திரி ஏற்றி, இருட்டில் எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. முதல் வாசகமே தொடக்கநூல் முதல் அதிகாரம்தான். அன்று பிரசங்கத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு சாமி உற்சாகமாகிவிட்டார். "விஞ்ஞானமே ஒத்துக்கிச்சு! ஒளி உண்டாகுகன்னு ஆண்டவர் சொன்னதைத்தான் நம்ம லெமெத்ர் சாமி கணக்குல நிரூபிச்சுட்டார்!" கோயிலே கை தட்டியது. என் மெழுகுவர்த்தி மெழுகு விரலில் சொட்டியது கூடத் தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

பூசை முடிந்து சக்கிரீஸ்து (சாமி பூசை உடுப்பு மாற்றும் அறை) வாசலில் நின்று பிடித்தேன். "சாமி, இதையே ஒரு பாப்பரசர் சொல்லி லெமெத்ர் சாமி மனசு கஷ்டப்பட்டிருக்கார், தெரியுமா?" அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டார், அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். "ஆதாரம் இருந்தா கொண்டு வாங்கம்மா" என்றார்.

நடந்தது இது. 1951 நவம்பர் 22, பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் வத்திக்கான் அறிவியல் கழகத்தில் பேசினார். நவீன அறிவியல் பின்னோக்கிப் போய் அந்த முதல் "ஒளி உண்டாகுக"வுக்கே சாட்சியாகிவிட்டது என்கிற தோரணையில் போயிற்று பேச்சு. லெமெத்ர் அதே கழகத்தின் உறுப்பினர், குரு, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எல்லாம் உள்ள ஆள். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. 1952ல் ரோமில் வானியலாளர்களின் உலக மாநாடு, பாப்பரசர் மறுபடி பேசப் போகிறார். லெமெத்ர் ரோமுக்குப் போய், வத்திக்கான் வான் ஆய்வக இயக்குநர் ஓ'கானல் சாமியோடு சேர்ந்து, இந்தப் பேச்சு வேண்டாம் என்று உரிய இடத்தில் எடுத்துச் சொன்னார். செப்டம்பரில் பாப்பரசர் பேசியபோது அந்த மாதிரி வாசகம் இல்லை. 1960ல் அதே கழகத்துக்கு லெமெத்ர்தான் தலைவர்.

அவருடைய எண்ணம் எளிமையானது. வேதம் மீட்புக்கு வழி சொல்கிற புத்தகம், இயற்பியல் பாடம் அதில் கிடையாது. இன்றைக்கு ஒரு கொள்கை வரும், நாளைக்குப் பொய்யாகும். விசுவாசத்தை அதன் தலையில் கட்டினால், அது விழுகிற அன்று இதுவும் சேர்ந்து விழும்.

இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து அந்த வாரமே சாமியிடம் கொடுத்தேன். அடுத்த பாஸ்காவில் என்ன பேசுவார் என்று காத்திருந்தேன். அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது அங்கே பேசுகிறாரோ என்னவோ.

—

லூவன்வாசி

மேரி அக்கா, அருமை. "சும்மா கேக்கறேன்" நண்பருக்கு நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, விரியும் அண்டத்துக்கான அதே தீர்வை 1922லேயே ஃப்ரீட்மன் எடுத்துவிட்டார். அவர் பாதிரியார் இல்லை. ருஷ்யாவின் பெத்ரோகிராடில் வானிலை ஆய்வும் கணிதமும் பார்த்தவர். லெமெத்ருக்கு அது தெரியாது. 1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் பூங்காவில் நடந்துகொண்டே தன் கட்டுரையைப் பற்றி ஐன்ஸ்டைனிடம் பேசியபோது, ஃப்ரீட்மன் பெயரைச் சொன்னதே ஐன்ஸ்டைன்தான். கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என்று லெமெத்ரே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். மறுபக்கம் எடிங்டனைப் பாருங்கள். ஆழ்ந்த மதநம்பிக்கை உள்ள குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு). ஆனால் உலகத்துக்குத் திடீர்த் தொடக்கம் என்ற யோசனை அவருக்கு அறவே பிடிக்கவில்லை, 1931ல் அச்சிலேயே சொன்னார். நம்பிக்கை இருந்தால் தொடக்கம் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது என்ற சூத்திரம் இங்கே வேலை செய்யவில்லை.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. எடிங்டனுக்கு மறுமொழியாகத்தான் 1931 மே 9 நேச்சர் இதழில் லெமெத்ரின் ஒரு குட்டிக் கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட நிறையாது. பின்னோக்கிப் போகப் போக ஆற்றல் பொட்டலங்களின் (குவாண்டங்களின்) எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஒரே ஒரு பொட்டலம் மிஞ்சும், அந்த நிலையில் காலம், இடம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லை என்கிறது. குவாண்டம் இயற்பியலும் வெப்ப இயக்கவியலும்தான் வாதம். அதன் தட்டச்சுப் படியின் படத்தைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் கடவுளைப் பற்றி ஒரு சிறு பத்தி அடித்திருக்கிறார்: பரம்பொருளை நம்புகிறவன் அது மறைந்திருக்கிறது என்றும் நம்புகிறான், இன்றைய இயற்பியல் அதற்குத் திரை போடுவதில் அவனுக்கு மகிழ்ச்சிதான், என்கிற மாதிரி. அந்தப் பத்திமேல் குறுக்கே கோடு. அச்சுக்குப் போனதில் அது இல்லை. அதாவது கடவுளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை, ஏற்றாமல் விட்டதைப் பற்றிப் பேசக்கூட அந்த இடம் சரியில்லை என்று நினைத்திருக்கிறார் போல. இது என் ஊகம்.

1964ல் பெல்ஜியத் தொலைக்காட்சிக்கு அவர் கொடுத்த பேட்டி ஒன்று தொலைந்துபோய், 2022 கடைசியில் கிடைத்தது. சுமார் 20 நிமிடம், பிரெஞ்சில். வயதாகி உடம்பு கனத்திருக்கிறது. ஹாய்ல் கட்சிக்காரர்களின் மாறா நிலைக் கொள்கையைப் பற்றி நிதானமாகப் பேசுகிறார். இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள் நண்பரே.

—

சும்மாகேக்கறேன்

பார்த்தேன். அடித்த பத்தி விஷயத்தில் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கி மாட்டிய ஆள் என்பதாலேயே கூடுதலாக ஒருமுறை சோதிப்பேன் என்பதில் மாற்றம் இல்லை.

—

சாக்பீஸ்

சோதியுங்கள், அது தப்பே இல்லை. அவரையும் அப்படித்தான் சோதித்தார்கள்.

—

ரோமாபுரி நர்ஸ்

நான் ரோமில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாளில் ரயிலேறி காஸ்தெல் காந்தோல்ஃபோ போனேன், ஏரிக்கு மேல் பாப்பரசரின் கோடைகால மாளிகை. மாளிகைக் கூரையில் இரண்டு வான் ஆய்வகக் கூண்டுகள் தெரியும். ரோம் நகரத்து வெளிச்சம் தொல்லை என்று முப்பதுகளில் வத்திக்கான் ஆய்வகத்தை இங்கே கொண்டுவந்தார்கள், பிறகு இங்கேயும் வெளிச்சம் வந்துவிட்டது, இப்போது பெரிய தொலைநோக்கி அமெரிக்காவில் அரிசோனா மலைமேல். ஆய்வகம் சேசு சபைக் குருக்கள் கையில். 2025 செப்டம்பரிலிருந்து இயக்குநர் நம் நாட்டுக்காரர், கோவா சேசு சபையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிசூசா. ஆண்ட்ரோமெடா கேலக்சி 200 கோடி வருடம் முன்பு ஒரு பெரிய பக்கத்து கேலக்சியை விழுங்கிவிட்டது என்று 2018ல் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர்.

ஆனால் எனக்குச் சாமிமாரைவிடக் கன்னியர் கதைதான் பிடித்தது. வான் முழுவதையும் படமெடுக்கும் உலகத் திட்டத்தில் வத்திக்கானுக்கு ஒரு பங்கு. 1910லிருந்து 1921 வரை நான்கு கன்னியர் கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்து ஒருவர் பார்த்துச் சொல்ல ஒருவர் எழுதி, 4,81,215 விண்மீன்களின் இடத்தைக் குறித்தார்கள். அவர்கள் பெயரே 2016ல்தான் வெளியே வந்தது: எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜியா பன்சேரி. லெமெத்ர் தன் பெயரைத் தானே விட்டுக்கொடுத்தார். இவர்கள் பெயரை விட்டவர்கள் இவர்களைக் கேட்கக்கூட இல்லை.

—

புதுவை மொட்டைமாடி

லெமெத்ர் இல்லாத கதை, ஆனால் தலைப்புக்குள் வரும்.

எங்கள் ஊருக்கும் ஒரு வானியல் சாமி உண்டு. ஜான் ரிஷோ, பிரெஞ்சுச் சேசு சபைக்காரர். பதினான்காம் லூயி அரசர் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) அனுப்பிய கணித குருக்களில் ஒருவர். 1688ல் சயாமில் அரசியல் புரண்டு பிரெஞ்சுக்காரர்கள் விரட்டப்பட, தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். கையில் 12 அடித் தொலைநோக்கி. 1689 டிசம்பரில் விடியற்காலையில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தெற்கே தாழ்வாக நின்ற ஆல்ஃபா சென்டாரியைப் பார்த்தார். ஒன்றாகத் தெரிகிற விண்மீன் குழாயில் இரண்டாகப் பிரிந்தது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் தொகுதி அது, 4.3 ஒளியாண்டு. அது இரட்டை என்று முதலில் கண்டது எங்கள் ஊரிலிருந்து! கடற்கரைச் சாலையில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது, இவருக்கு ஒரு கல் வைத்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. 1693ல் காலமாகிவிட்டார்.

மாடியில் 6 அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். ஒரு மே மாதம் நூறு மடங்கு பெருக்கத்தில் பார்த்தேன். அடிவானப் பக்கம் என்பதால் காற்று கொதிக்கிற எண்ணெய் மாதிரி நெளிந்தது. நெளிவு அடங்குகிற நொடியில் இரண்டு புள்ளி, ஒன்று கொஞ்சம் மங்கல், இரண்டும் மஞ்சள். மறுபடி கலைந்துவிடும். இந்தச் சீரில் 12 அடிக் குழாயை, கயிறும் கம்பமும் வைத்து, பனிக்காலத்து விடியலில் அந்த மனிதர் எப்படிப் பிரித்தார் என்பது ஆச்சரியம்தான்.

—

லூவன்வாசி

அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது பார்க்கலாமா அண்ணே? இங்கே லூவனிலிருந்து அது அடிவானத்துக்கு மேலேயே வராது.

—

புதுவை மொட்டைமாடி

வாங்க. மே பாதியில் ராத்திரி 11 மணி சுமாருக்கு நேர் தெற்கே வரும், அப்போதும் 17 டிகிரி உயரம்தான். எதிரே தென்னை இருந்தால் முடிந்தது கதை. பக்கத்திலேயே பீட்டா சென்டாரி நிற்கும், கிழக்குப் பக்கம் இருக்கிற பெரிசுதான் நம்ம ஆள். அதன் இரண்டு விண்மீனும் ஒன்றையொன்று சுற்ற 80 வருடம், நம் பார்வைக்கு 2016 பக்கம் ரொம்ப நெருங்கியிருந்தது, இப்போது விலகிக்கொண்டு வருகிறது. இன்னும் சில வருடம் பிரிப்பது சுலபமாகிக்கொண்டே போகும், அவசரமில்லை. நிலா இல்லாத நாள் என்றெல்லாம் பார்க்க வேண்டாம், பளிச்சென்ற விண்மீன். கடல் புழுக்கம் இல்லாத நாளாக மட்டும் பாருங்கள். ஊட்டி அண்ணனும் வருவதாக இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள், மே மாதப் புதுச்சேரி அவருக்குத் தாங்காது, ஃபேன் ஒன்று மேலே இழுக்க வேண்டியிருக்கும்.